விளையாட்டுப் பொறுப்பாசிரியருக்கு முதலில் ஒரு நியமனக் கடிதம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வருடம் பிறந்து பாடசாலை தொடங்கிவிட்டால் மலையகத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம், பாடசாலைப் பிள்ளைகளை இல்லங்கள் என்ற அணிகளாகப் பிரித்துப் போட்டி வைக்கும் காலம். அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு உங்கள் பத்திரிகையின் உள்பக்கங்களில் அந்தப் படங்கள்தான். பிரதம அதிதி கிண்ணத்தைக் கொடுத்துக்கொண்டே கமராவைப் பார்ப்பார், பாடசாலை அதிபர் பக்கத்தில் நிற்பார், பழைய மாணவர் சங்கத்து ஆட்கள் எப்படியோ ஓரத்தில் தலையை நுழைத்திருப்பார்கள். அதில் எனக்குப் பெரிய மனத்தாங்கல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒரு நாளுக்காக வாரக்கணக்கில் அலைந்த ஆள் அநேகமாக எந்தப் படத்திலும் இருக்கமாட்டார். அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கூப்பிட்டுக்கொண்டு மைதானத்தின் மறுபக்கம் நிற்பார். அந்த விளையாட்டுப் பொறுப்பாசிரியரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் கணித ஆசிரியர். விளையாட்டுப் பொறுப்பும் நீண்ட காலம் என் தலையில்தான் இருந்தது. இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன், ஆகவே தனக்கு ஏதோ கேட்கிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்தப் பொறுப்பு எப்படிக் கைமாறுகிறது என்று வெளியில் பலருக்குத் தெரியாது. வருடத் தொடக்க ஆசிரியர் கூட்டத்தில் வகுப்புப் பொறுப்பு, நூலகம், சாரணர் என்று பங்கு பிரித்துக்கொண்டே வந்து, கடைசியில் விளையாட்டு என்றதும் எல்லோரும் குனிந்து கொப்பியைப் பார்ப்பார்கள். அப்புறம் யார் இளமையோ, யாரிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறதோ, யார் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாரோ அவரைப் பார்த்து “சேர், இந்த வருஷம் நீங்க பாத்துக்குங்களே” என்பார்கள். முடிந்தது. உடற்கல்விக்குப் படித்த ஆசிரியர் இருந்தால் அவர் தலையில், இல்லாவிட்டால் (நிறையத் தோட்டப் பாடசாலைகளில் இல்லை) கணிதமோ தமிழோ சமயமோ படிப்பிக்கிறவர் தலையில். எழுத்தில் ஒன்றும் கிடையாது, நேரசூசியில் ஒரு பாடவேளைகூடக் குறையாது. ஆனால் பிள்ளை ஒன்று விழுந்து கையை முறித்துக்கொண்டால் மட்டும், அந்தப் பொறுப்பு யாருடையது என்பது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பாடசாலைகளில் இதற்கென்று அத்லெட்டிக் டைரக்டர் என்ற பதவியே இருக்கிறது. போட்டி அட்டவணை போடுவது, பயிற்றுநரைத் தேர்ந்தெடுப்பது, நடுவர்களை அழைப்பது, பஸ் ஏற்பாடு, வரவு செலவு, எந்த மாணவன் விளையாடத் தகுதியுள்ளவன் என்று பார்ப்பது எல்லாம் அவர் வேலை. 1972இல் டைட்டில் நைன் சட்டம் வந்து, அரசாங்கப் பணம் பெறும் கல்விக்கூடங்களில் பெண் பிள்ளைகளுக்குச் சம வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்றானபோது, பாடசாலை விளையாட்டில் அதைச் செய்து காட்ட வேண்டிய சுமையும் இவர்கள் மேல்தான் விழுந்தது. 1977இல் தங்களுக்கென்று ஒரு தேசியச் சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம் வகுப்பு நடத்துகிறது, பரீட்சை வைக்கிறது, படிப்படியாகச் சான்றிதழ் கொடுக்கிறது. அங்கேயும் அநேகமானவர்கள் வகுப்பாசிரியராகவும் பயிற்றுநராகவும் இருந்து மேலே வந்தவர்கள்தான், சின்னப் பாடசாலைகளில் இன்றைக்கும் பாடமும் எடுத்துக்கொண்டு இதையும் பார்க்கிறவர்கள் உண்டு. ஆகவே அவர்கள் வானத்திலிருந்து குதிக்கவில்லை. செய்கிற வேலைக்கு ஒரு பெயரும், அதைக் கற்றுக்கொள்ள ஒரு வழியும், அதிலிருந்து மேலே போக ஒரு படியும் அவர்களுக்கு இருக்கிறது, நமக்கு இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நம்மவர் என்னதான் செய்கிறார் என்று கேட்பவர்களுக்கு மைதானத்திலிருந்தே சொல்கிறேன். எட்டு ஓடுபாதைகளோடு முறையான 400 மீட்டர் ஓட்டச் சுவடு ஒன்று போட ஏறக்குறைய 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் சமதரை வேண்டும். மலையகத்தில் அப்படி ஒரு சமதரை கிடைத்தால் அதில் தேயிலை இருக்கும், அல்லது கட்டடம் இருக்கும். நமக்குக் கிடைப்பது தோட்டத்துப் புல் மைதானம், ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தண்ணீர் ஓடும் கான். 200 மீட்டர் சுற்று அடங்கினாலே பெரிய காரியம். அதில் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். வளைவில் வெளி ஓடுபாதைக்காரரை எவ்வளவு முன்னால் நிறுத்துவது என்பதில்தான் வருடா வருடம் சண்டை, “எங்க இல்லத்துப் பிள்ளைய பின்னால நிப்பாட்டிட்டீங்க” என்று. ஓடுபாதையின் அகலம் 1.22 மீட்டர் என்றால், உள்விளிம்பில் கட்டு இல்லாத, வெறும் கோடு போட்ட மைதானத்தில், ஒரு முழுச் சுற்றுக்கு அடுத்தடுத்த ஓடுபாதைக்கு 7.67 மீட்டர் முன்னே தள்ளினால் சரி. மைதானம் பெரிதானாலும் சிறிதானாலும் இந்த எண் மாறாது, அகலத்தை 2π ஆல் பெருக்கினால் வருகிற விடைதான் அது. இதை நான் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு நாடா பிடித்து அளக்க வைத்தேன். வட்டத்தின் பரிதி எதற்கு என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பையன்கள் மற்ற இல்லத்துக்காரர்களிடம் போய்க் கணக்குச் சொல்லி வாதாடினார்கள். சண்டையும் அடங்கியது. பொறுப்பில் இருக்கிறவர் முதலில் படிப்பது இதைத்தான். தன் முடிவுக்குக் காரணத்தை நாலு பேர் சரிபார்க்கும்படி எழுதி வைத்துவிட்டால் பாதித் தகராறு வராது. பணக் கணக்கும் அப்படித்தான், யார் எவ்வளவு கொடுத்தார், எதற்குச் செலவானது என்று அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டால் அப்புறம் தேநீர்க் கடையில் யார் என்ன பேசினாலும் கவலையில்லை.

அடுத்தது காகித வேலை. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் இதில்தான் அதிகப் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். வலய மட்டப் போட்டிக்குப் படிவம் அனுப்பும்போது பிறப்புச் சான்றிதழைப் பார்த்து வயதுப் பிரிவு போட வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளின் சான்றிதழை எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடாப்பில் ஒரு பெயர், சான்றிதழில் வேறு எழுத்து, தகப்பன் பெயர் தலைகீழாக, சிலருக்குச் சான்றிதழே இல்லை, “பெரியம்மா வீட்டுல இருக்கு சேர்” என்பார்கள். கடைசி நேரத்தில் இதைக் கண்டுபிடித்தால் பிள்ளை ஓட முடியாது. முதல் தவணையிலேயே கண்டுபிடித்து, கிராம சேவகர், பதிவாளர் என்று பெற்றோரைத் துரத்தித் திருத்த வைத்தால், பிள்ளை ஓடுவது ஒரு பக்கம் இருக்க, அடையாள அட்டை எடுக்கும்போதும் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்தக் குடும்பம் அலையாமல் தப்பிக்கும். இந்த வேலையைச் சரியாகச் செய்கிற ஒருவர் நாளைக்கு ஒரு பாடசாலையை நிர்வகிக்க முடியாதா? என்னைக் கேட்டால், பாடத்தை மட்டும் எடுத்துவிட்டு ஒன்றரை மணிக்குக் கேட்டைத் தாண்டுகிறவரைவிட நன்றாகவே நிர்வகிப்பார்.

பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் கஷ்டம். பதின்மூன்று வயதில் பறந்து ஓடுகிற பிள்ளை பதினாறில் காணாமல் போய்விடும். பாடசாலைக்கு வருவாள், பயிற்சிக்கு வரமாட்டாள். அம்மா மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வர நேரமாகும், அதுவரை தம்பி தங்கச்சியைப் பார்க்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். இதற்கு மேலே, “வயசுக்கு வந்த புள்ளைய கட்டக் காற்சட்டையோட ஓட விடுறதா” என்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாராவது சொல்லிவிடுவார்கள். இதைப் பாடசாலையில் இருந்துகொண்டு சரிசெய்ய முடியாது. லயத்துக்குப் போய், வாசலில் உட்கார்ந்து, கொடுக்கிற பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் பேச வேண்டும். தாய்மார் கேட்கிற கேள்வி அநேகமாக ஒன்றுதான். “புள்ளைய எத்தன மணிக்குக் கொண்டாந்து விடுவீங்க சேர்? கூட டீச்சர் யாராவது வாறாங்களா?” இந்த இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்லி, சொன்னபடி நடந்தும் காட்டினால் அடுத்த தடவை கேட்காமலே அனுப்புவார்கள். மாகாண மட்டத்துக்குக் கண்டிப் பக்கம் போய்விட்டு இருட்டில் திரும்பி வரும்போது, தோட்டத்துச் சந்தியில் டோர்ச் பிடித்துக்கொண்டு தகப்பன்மார் நிற்பார்கள், வேனிலிருந்து ஒவ்வொரு பிள்ளையாக இறக்கிப் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். என்னோடு வந்த ஆசிரியை ஒருவர் கடைசிப் பிள்ளை வீட்டுக் கதவைத் தாண்டும்வரை வேனில் ஏறமாட்டார். அவருக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அந்தப் பயணத்துக்கு அவருக்கு ஒரு சதம் கிடைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட மாணவர் ஒருவர் உயிரிழந்த செய்தி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். நம் பக்கம் வெயிலைவிட இடிமின்னல்தான் எனக்குப் பயம். மார்ச் பிற்பகுதியிலும் ஏப்ரலிலும் காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும், மதியத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வரும். சரியாக அந்த நேரத்தில்தான் நம் இல்ல விளையாட்டுப் போட்டியின் அணிநடையும் அஞ்சலோட்டமும் நடக்கும், ஏனென்றால் பிரதம அதிதி பிந்தித்தான் வந்திருப்பார். இடி முழங்குகிறது, வெட்ட வெளியில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், கையில் இரும்புக் குண்டு, கொடிக் கம்பம், மேடையில் பெரியவர்கள். போட்டியை நிறுத்து என்று யார் சொல்வது? அமெரிக்கப் பாடசாலைகளில் இதற்கு விதி இருக்கிறது, இடி கேட்டாலோ மின்னலைக் கண்டாலோ நிறுத்திவிட்டு எல்லோரும் கட்டடத்துக்குள் போக வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழியாமல் மைதானத்தில் கால் வைக்கக்கூடாது, இடையில் மறுபடி இடித்தால் 30 நிமிடம் முதலிலிருந்து. இப்படி ஒரு வரி எழுத்தில் இருந்தால் நம் பொறுப்பாசிரியர் யாரையும் பகைத்துக்கொள்ளாமல் விசிலை ஊதிவிடலாம். இல்லாதபோது அதிபரின் முகத்தைப் பார்ப்பார், அதிபர் அதிதியின் முகத்தைப் பார்ப்பார். நான் ஒருமுறை நிறுத்தினேன். மேடையில் இருந்த ஒருவர் அதற்கப்புறம் என்னோடு பேசவே இல்லை, பரவாயில்லை.

தெரிவு விஷயத்திலும் இதே கதைதான். தோட்டத்தில் செல்வாக்குள்ள ஒருவர் அணிக்கு ஜேர்சி வாங்கிக் கொடுப்பார், நல்ல மனிதர்தான், அப்புறம் மெதுவாக, “நம்ம தங்கச்சி மகனும் நல்லா பந்து போடுவான் சேர்” என்பார். ஜேர்சிக்கு நன்றி சொல்லி, பையனைத் தெரிவுப் பயிற்சிக்கு மற்றப் பிள்ளைகளோடு வரச் சொல்ல வேண்டும். முகத்தில் சிரிப்பும் மாறக்கூடாது. பொறுப்புக்கு வந்த முதல் வருடத்தில் இது யாருக்கும் வராது, பழகப் பழகத்தான் வரும்.

முத்தையா முரளிதரனைச் சொல்லாமல் மலையகத்தில் விளையாட்டைப் பற்றி எழுத முடியுமா? கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்து போட்டுக்கொண்டிருந்தவரை 14 வயதில் சுழற்பந்துக்கு மாறச் சொன்னவர் அங்கே பயிற்றுநராக இருந்த சுனில் பெர்னாண்டோ. பிறகு டெஸ்டில் 800 விக்கெட், 2010இல் காலியில் முடித்தார், எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஒரு பயிற்றுநர் ஒரு பையனை அவ்வளவு கவனித்துப் பார்க்க வேண்டுமானால் அதற்கு முன்னால் அங்கே மைதானம், வலை, பந்து, ஒழுங்கான போட்டிகள், பிள்ளை தொடர்ந்து பயிற்சிக்கு வரும்படியான ஓர் ஏற்பாடு எல்லாம் இருக்க வேண்டும். நகரத்துப் பெரிய பாடசாலைகளில் அது தலைமுறை தலைமுறையாக ஊறிப்போன விஷயம். தோட்டத்துப் பாடசாலையில் அத்தனையையும் ஒரே ஆள் பூஜ்ஜியத்திலிருந்து கட்ட வேண்டும், கட்டி முடிக்கும்போது இடமாற்றக் கடிதம் வந்துவிடும்.

இடமாற்றம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆள் போகும்போது எல்லாமே அவரோடு போய்விடுகிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். எந்தப் பிள்ளை எந்த நிகழ்ச்சியில் எவ்வளவு செய்தாள், எந்த வேன்காரர் நம்பிக்கையானவர், எந்தத் தோட்டத்துத் துரையிடம் எப்போது மைதானம் கேட்க வேண்டும், எல்லாம் அவர் தலையிலும் அவருடைய ஒரு கொப்பியிலும் இருக்கும். புதிதாக வருகிறவர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார். இதில் பொறுப்பாசிரியர்கள் பக்கமும் குறை உண்டு. சிலருக்குத் தான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்பதில் ஒரு பெருமை. ஸ்டோர் சாவியைக்கூட யாரிடமும் கொடுக்கமாட்டார்கள், மூத்த மாணவனிடம் ஓர் அஞ்சலோட்ட அணியை நம்பி ஒப்படைக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவர் எத்தனை கிண்ணம் கொண்டுவந்தாலும் நல்ல பொறுப்பாளர் என்று நான் சொல்லமாட்டேன்.

சரி, இவருக்கு மேலே போக வழி என்ன? வலயக் கல்விப் பணிமனையில் உடற்கல்விக்கு உதவிக் கல்விப் பணிப்பாளர், ஆசிரிய ஆலோசகர் என்று பதவிகள் உண்டு. சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் முகாமைத்துவமும் பட்டமாகவே படிக்கலாம், நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? விளையாட்டில் சிறந்த மாணவர்களுக்குப் பல்கலைக்கழக அனுமதியில் விசேட வழி இருப்பதும் உயர்தரத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. உடற்கல்வி படித்தவருக்கு இப்படி ஒரு பாதையாவது இருக்கிறது. ஆனால் கணிதமோ தமிழோ படிப்பித்துக்கொண்டு ஏழெட்டு வருடம் இந்தப் பொறுப்பைச் சுமந்தவர் அதிபர் சேவைக்கு விண்ணப்பிக்கும்போது அந்த அனுபவத்தை எங்கே காட்டுவது? நியமனக் கடிதம் இல்லை, பதிவு இல்லை. ஆள், பணம், வாகனம், பெற்றோர், அரசியல்வாதி, மழை எல்லாவற்றையும் சமாளித்த ஒருவரிடம் முகாமைத்துவ அனுபவம் உண்டா என்று கேட்கிறார்கள்.

மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் வலயங்களிடமும் நான் கேட்பது பெரிய விஷயம் எதுவும் இல்லை. பொறுப்பைக் கூட்டத்தில் வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். இரண்டு பேராகக் கொடுங்கள், அதில் ஒருவர் ஆசிரியையாக இருக்கட்டும். வாரத்தில் சில பாடவேளைகளைக் குறைத்து அதை நேரசூசியில் போடுங்கள். பொறுப்பு மாறும்போது கோப்பு கைமாறியதற்கு இருவரும் கையொப்பம் வைக்கட்டும். விடுமுறையில் முதலுதவி, நடுவர் விதி, இடிமின்னல், வெயில், கணக்கு இவற்றைப் பற்றி ஒரு பயிற்சி நடத்துங்கள், தயவுசெய்து தமிழில். சிங்களத்தில் நடக்கும் கூட்டத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் “என்ன சொன்னாரு” என்று கேட்டுக்கொண்டு, சுற்றறிக்கையை வீட்டுக்குக் கொண்டுபோய் யாரிடமாவது கொடுத்து வாசிப்பித்துக்கொண்டு எத்தனை காலம்தான் வேலை செய்வது? பயிற்சி முடித்தவருக்குச் சான்றிதழ் கொடுத்து, பதவி உயர்வு நேர்முகத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

இவற்றில் காசு தேவைப்படுவது பயிற்சிக்கு மட்டும்தான். கடிதம் கொடுப்பதற்கு அதிபர் மனது வைத்தாலே போதும், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை. அதையும் அடுத்த வருடம் பிறந்த பிறகு கொடுக்காமல் மூன்றாம் தவணை முடிவதற்குள் கொடுத்தால், பொறுப்பெடுக்கிறவர் டிசம்பர் விடுமுறையிலேயே பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களைச் சேர்க்கத் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
முன்னாள் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்,
கொட்டகலை.